எண்ணெய்க் கடையில் முதல் தீபாவளி

மதுரை,
26 அக்டோபர் 2025, ஞாயிறு இரவு

மாப்ள,

உன் கடிதம் தீபாவளிக்கு நாலு நாள் முன்பே வந்துவிட்டது. கடையில் நின்றபடி பிரித்துப் படிக்க நேரமில்லாமல் கல்லாவுக்குள் ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் செருகி வைத்தேன். இன்று ராத்திரிதான் கையில் எடுத்தேன், பாதிப் பக்கம் எண்ணெய் ஊறிப் போயிருக்கிறது. உன் கையெழுத்து வேறு. 22 வருடம் டாக்டர் சீட்டு பார்த்துப் பிழைத்தவன் என்பதால் எப்படியோ எழுத்துக்கூட்டி முடித்தேன்.

உன் பெரியவன் வேலையில் சேர்ந்தது சந்தோஷம். முதல் சம்பளத்தில் உனக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்தான் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "எனக்கெதுக்கு வாட்ச்" என்று சலித்துக்கொள்கிறாயே, பேசாமல் கட்டிக்கொள். அப்புறம் உன் வீட்டம்மா மூட்டுவலிக்கு நம் கடை நல்லெண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தேய்க்கலாம். சூடு பறக்கத் தேய்த்தால் இதமாக இருக்கும், வலி போகாது. எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. எண்ணெய்க் கடைக்காரனே இப்படிச் சொல்கிறானே என்று சிரிக்காதே, அந்தக் கதைக்கும் வருகிறேன்.

பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கலாமா என்று நீ கேட்டதற்குக் கடைசியில் சொல்கிறேன். "சம்பளம் இல்லாத முதல் தீபாவளியை எப்படித் தாண்டினாய்" என்ற கேள்விதான் இன்னும் சூடாக இருக்கிறது.

மருந்துக் கம்பெனி ரெப் வேலையில் எனக்குத் தீபாவளி எப்படி இருந்தது என்று உன்னிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. புரட்டாசி பாதியிலேயே கம்பெனியிலிருந்து பட்டியல் வரும். எந்த டாக்டர் எங்கள் மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்று பார்த்து ஏ, பி, சி எனப் பிரித்த பட்டியல். சி-க்கு ஒரு கிலோ ஸ்வீட், பி-க்கு முந்திரி பாதாம் பெட்டி, ஏ-க்கு வெள்ளியில் ஏதாவது. மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரிலேயே விதி கொண்டுவந்துவிட்டது. கம்பெனிகளும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசின் நெறிமுறை 2024 மார்ச்சில் வந்தது. இடைப்பட்ட வருடங்களில் எங்கள் பட்டியல் அப்படியேதான் இருந்தது, தலைப்பு மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் "நினைவூட்டுப் பொருள்", ஒரு வருடம் "கிளினிக் உபயோகப் பொருள்".

எல்லா டாக்டரும் வாங்கினார்கள் என்று எழுதினால் அது பொய். குழந்தை மருத்துவர் ஒருவர் பெட்டியைத் தொடாமல் மேஜையோடு என் பக்கம் தள்ளி, "உன் பிள்ளைகளுக்குக் கொண்டு போப்பா" என்றார். கொண்டு போனேன். அறிக்கையில் "கொடுத்தாயிற்று" என்று எழுதினேன். அடுத்த வருடம் சின்னவள், "அப்பா, அந்த டாக்டர் இந்த வருஷமும் வேண்டாம்னுதானே சொல்வார்?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அவள் கேட்டது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று உறைக்க இன்னும் பத்து வருடம் ஆனது.

அதனால்தான் வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். உன்னிடம் எழுத முடியாது. எனக்கு மேலதிகாரியாக வந்தவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். காலை எட்டு மணிக்கு எந்த கிளினிக் வாசலில் நிற்கிறேன் என்று போனில் காட்டச் சொன்னான். ராமநாதபுரம் ஏரியாவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னான். எனக்குச் சர்க்கரை 240-ஐத் தொட்டது. தை பிறந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொள்கை கொஞ்சம், முதுகுவலி நிறைய.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கினார் அல்லவா, அதற்கு அடுத்த வாரம் திருநகரில் கடை திறந்தேன். ஒரே ஒரு மரச்செக்கு, வாகை மரம். மூன்று முனை மின்சாரம் வாங்கவே ஒன்றரை மாதம் நடந்தேன். எள், நிலக்கடலைப் பருப்பு விருதுநகர் மார்க்கெட்டிலிருந்து வருகிறது. எள்ளோடு கருப்பட்டியை உடைத்துப் போட்டு ஆட்டுவோம். ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க இரண்டரைக் கிலோ எள் போக வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், எள் விலையைவிட எண்ணெயை மலிவாக விற்கிறவனைப் பார்த்து நீ சிரிக்கலாம். வெயிலில் வைத்துத் தெளியவிட்டுப் பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும், உதிரியாக ஊற்றிக் கொடுக்கக் கூடாது. புண்ணாக்கைப் பக்கத்து மாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். சட்டையெல்லாம் எள் வாசம். டை கட்டிய காலத்தில் பக்கத்தில் வராத தெருநாய் ஒன்று இப்போது வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

போர்டு எழுத வந்தவர், "இதயத்துக்கு நல்லது, கொலஸ்ட்ரால் இல்லாததுன்னு போட்டுருவோமாண்ணே, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. உப்புப் பொட்டலத்தில் "கொழுப்பு இல்லை" என்று எழுதுகிற மாதிரிதான் அது. செக்கு எண்ணெயானாலும் ரீஃபைண்டானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. கடைப் பெயர், கீழே "நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய்", அவ்வளவுதான் எழுதச் சொன்னேன். சர்க்கரை குறையுமா என்று கேட்கிறவர்களிடம் குறையாது, ருசியாக இருக்கும் என்கிறேன். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே எல்லாம் குறையும்.

தீபாவளிக்கு வருகிறேன். உனக்குத்தான் தெரியுமே, வேலையை விட்டபோது வீட்டில் ஒரு பிரசங்கம் செய்தேன். இனி தேவைக்குத்தான் வாங்குவது, பண்டிகை என்றால் கடை கடையாக ஏறுவதில்லை, ஆளுக்கு ஒரு துணி என்றெல்லாம். ஐப்பசி நெருங்கியபோது பார்த்தால், நான் வாங்குவதைக் குறைக்க வேண்டும், ஊர் என்னிடம் வாங்குவது கூட வேண்டும் என்று ஒரே வாயால் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எண்ணெய்க் குளியல் இல்லாமல் தீபாவளி ஏது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் கடலெண்ணெய். என் வருடத்தையே அந்த மூன்று வாரம்தான் நிமிர்த்த வேண்டும்.

சின்னவள் ஒரு யோசனை சொன்னாள். 100 மில்லி நல்லெண்ணெய்க் குப்பி, ஒரு பொட்டலம் சீயக்காய், லேகியம் கிண்டச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், எல்லாம் ஒரு துணிப்பையில். 175 ரூபாய். (லேகியமாகவே போடலாம் என்றாள். மருந்து விற்றது போதும் என்றேன்.) நன்றாகவே போனது. அம்மாவும் நானும் ராத்திரி உட்கார்ந்து பை கட்டினோம்.

அப்போதுதான் என் பழைய டீமில் இருந்த தம்பி வந்தான். நல்ல பையன், இரண்டு சின்னப் பிள்ளைகள். பையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பாரம்பரியமா இருக்கு, டாக்டருங்களுக்குப் பிடிக்கும். 80 பை வேணும்" என்றான். மனசுக்குள் பெருக்கிவிட்டேன், 14,000. அடுத்த மூச்சில், "பில்லை மட்டும் அச்சடிச்ச செலவுன்னு போட்டுக் குடுத்துருங்கண்ணே" என்றான்.

முடியாது என்றேன். எண்ணெய் விற்றால் எண்ணெய் என்றுதான் பில். அவன் கோபப்படவில்லை. "நீங்கதானண்ணே எனக்கு இந்த பில்லெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க" என்று மட்டும் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு ராத்திரி பெருமையாகத் தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறாயா? 14,000-ஐயே நினைத்துக்கொண்டு புரண்டேன். வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்: "சரி, அந்தப் பையன் நெஜமான பில்லு போடச் சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்பேன், மாப்ள. யாருக்குப் போகிறது என்று தெரிந்தும் கொடுத்திருப்பேன். அவளிடம் அதைச் சொல்லாமல் விளக்கை அணைத்தேன். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும், வாத்தியார் அல்லவா.

ரெண்டு நாள் கழித்து, 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கடையை ஏழு மணிக்கே அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு விளக்குத்தூண் போனோம். நீ மதுரைத் தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து எத்தனை வருடம் இருக்கும்? ஒன்றும் மாறவில்லை. காவல்துறை மைக்கில் நகை பத்திரம், பிள்ளைகள் பத்திரம் என்று ஓயாமல் சொல்கிறார்கள், கூட்டம் அதற்கும் மேலே சத்தம் போடுகிறது. பத்துத்தூண் சந்தில் நுழைந்தால் நாமாக நடக்க வேண்டியதில்லை, பின்னால் இருப்பவர்களே கொண்டுபோய் விடுவார்கள். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய தூண்கள் பத்தும் நைட்டிக் கடைகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. புது மண்டபத்துத் தையல்காரர்களெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். நமக்குக் கல்லூரிக் காலத்தில் பெல்பாட்டத்தைப் பிரித்துச் சின்னதாக்கித் தந்தவரை அங்கே தேடினேன், இல்லை. இருந்தாலும் எண்பதைத் தாண்டியிருப்பார். சின்னவள் நடந்துகொண்டே போனில் ஒரு சட்டையைக் காட்டி, "இதே டிசைன்தான்பா, 399, வீட்டுக்கே வரும்" என்றாள். கடையில் 650 சொன்னார்கள். கடைக்காரன் வயிறு எப்படி எரியும் என்று இப்போது எனக்குத் தெரியும். பேரம் பேசாமல் 650 கொடுத்தேன். "இதான் தேவைக்கு வாங்குறதா?" என்றாள்.

சேலையில்தான் மாட்டிக்கொண்டேன். மேலூரில் தங்கச்சிக்குத் தீபாவளிச் சீர் வைக்க வேண்டும். போன வருடம் வரை போனஸில் பட்டு. இந்த வருடம் சுங்குடி எடுக்கலாம் என்று நானே முடிவு செய்து, தெற்கு மாசி வீதிப் பக்கம் தெரிந்த சௌராஷ்டிரக் குடும்பத்துக் கடைக்குக் கூட்டிப் போனேன். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆனால் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலும் மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். கையால் முடிச்சுப் போட்டதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இருக்காது, வட்டத்துக்கு நடுவில் சாயம் ஒரு பொட்டாக நிற்கும், துணி அங்கங்கே சுருங்கியிருக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, அத்தனையும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நூலால் கட்டுவது. அச்சடித்தது 700, முடிச்சு போட்டது 2,600. எதிர்க்கடைக்காரனின் "மரச்செக்கு" போர்டு நினைவுக்கு வந்ததா, அசல்தான் எடுப்பேன் என்று நின்றுவிட்டேன். கையில் இருந்த பணத்துக்கு அசல் ஒன்றுதான் எடுக்க முடியும். அது தங்கச்சிக்கு, அச்சடித்தது வீட்டுக்காரிக்கு என்று பிரித்து வைத்தேன்.

"ஆக, கொள்கையெல்லாம் தங்கச்சிக்கு, பிரிண்ட் எனக்கு" என்றாள். கடைக்கார அம்மா சிரித்தே விட்டார்.

கடைசியில் அசல் இரண்டு எடுத்தோம். இரண்டாவதற்கு அவள் பண்டிகை முன்பணத்திலிருந்து கொடுத்தாள். அரசு ஊழியர்களுக்கு அதை இந்த வருடம்தான் 10,000-த்திலிருந்து 20,000 ஆக்கியிருக்கிறார்கள். வட்டி கிடையாது, பத்து மாதம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். ஆக அடுத்த ஆவணி வரைக்கும் அந்தச் சேலைக்கு அவள்தான் தவணை கட்டப்போகிறாள். கொள்கைக்காரன் நான்!

அப்பாவுக்கு வழக்கம்போல மேல மாசி வீதியில் கதர் வேட்டி. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி மேல்சட்டையும் தொப்பியும் விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறிய அதே வீட்டின் கீழ்த்தளத்தில்தான் கடை. அந்த மாடிப்படியை நாம் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறோம், எளிமை, எளிமை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் அவர் ஏழைகளிடம் கதர் கட்டச் சொல்லிப் பேசியிருக்கிறார். கதர் விலை எங்களுக்குக் கட்டாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அது அவரை உறுத்தி உறுத்தித்தான் துணியைக் குறைத்தார். நல்ல சரக்கை வாங்கு என்று சொல்கிறவனுக்கு முதலில் எதிரே வருவது இந்தப் பதில்தான், நான் தினமும் கடையில் கேட்கிறேன். பாமாயில் 130-க்குக் கிடைக்கும்போது, நாலு பேருக்குச் சமைக்கிற சித்தாள் அம்மாவிடம் நான் என் நல்லெண்ணெயின் அருமையை என்னவென்று சொல்வது? அவர் 50 மில்லி கேட்டார், தலைக்கு வைக்க. அந்த அளவில் பாட்டிலே கிடையாது. அடுத்த மாதம் போடப்போகிறேன். அப்புறம் இன்னொன்று, காந்திக்கு அப்போது வயது 51, இன்னும் பத்து நாளில் 52. நம்மைவிட மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு நீ எண்ணெய் வித்த கதையெல்லாம் தெரியாது, போய் வேலையைப் பாரு" என்றார்.

மேலூருக்குச் சேலை, ஸ்வீட், ஐந்து லிட்டர் டின்னில் நல்லெண்ணெய். தங்கச்சி மாமியார் டின்னை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "சீருக்கு எண்ணெயா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊர் திரும்பி மூன்றாம் நாள் போன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாலு லிட்டர் வேண்டுமாம், கமிஷன் எவ்வளவு தருவாய் என்று மாமியார் கேட்கச் சொன்னாராம்.

பட்டாசுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் இல்லை, அதுவும் சிவகாசி அண்ணன் முறை வீட்டிலிருந்து. காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்ற கணக்கை என் பெரியவன் கெடிகாரம் வைத்துக் கடைப்பிடித்தான். தீபாவளிக்கு முந்தின நாள் பதினோரு மணிக்குத்தான் கடையை அடைத்தேன். விடியற்காலை அம்மா தலையில் எண்ணெய் வைத்தபோது, "இது உன் கடையிதாடா?" என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தார்.

வரவு செலவு கேட்டாயே. ரெப் வேலையில் இன்சென்டிவ் சேர்த்து 68,000 வந்தது. கடையில் எல்லாம் போக மாதம் 22,000, 25,000. தீபாவளி சமயத்தில் மட்டும் 58,000 நின்றது. தீபாவளிக்கு 20,000-த்துக்குள் என்று எழுதி வைத்தேன், 31,400 ஆகியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் எடுத்த ஆறரை லட்சம் செக்கிலும் அட்வான்ஸிலும் இருக்கிறது. அரிசி, பால், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் வீட்டுக்காரி சம்பளம். அது இல்லையென்றால் நான் இன்றைக்கும் ஏதோ ஒரு கிளினிக் வாசலில் பையோடு நின்றுகொண்டிருப்பேன். போர்டில் பொய் எழுத மாட்டேன் என்று நான் சொல்வதற்குப் பின்னால் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியையின் சம்பளம் நிற்கிறது. இதை நீ முதலில் பார்க்க வேண்டும். உன் வீட்டில் அப்படி ஒரு சம்பளம் இல்லை. உன் பெரியவன் இப்போதுதான் சேர்ந்திருக்கிறான், அவன் மேல் சாயாதே.

கடன் கேட்டு வருகிறவர்கள் தலையில் இன்சூரன்ஸைக் கட்டச் சொல்கிறார்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குப் புரிகிறது, அந்தக் குழந்தை மருத்துவரின் மேஜை மாதிரி. ஆனால் வெளியே வந்தால் அது விட்டுவிடும் என்று நினைக்காதே, எனக்கு அது 80 பை கேட்டுக்கொண்டு கடை வாசலுக்கே வந்தது. பென்ஷன் எவ்வளவு வரும், வீட்டுக் கடன் எப்போது முடியும், இரண்டையும் எழுதி அனுப்பு. நீ பேங்க்காரன்தான், சொந்தக் கணக்கு என்றால் உனக்குக் கூட்டல் வராது. எண்ணெய்க்கடை மட்டும் வைக்காதே, கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

பொங்கலுக்கு மூன்று நாள் லீவு வருமே, வந்துவிட்டுப் போ. தெப்பக்குளத்தில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், சாயங்காலம் படிக்கட்டில் உட்காரலாம். வரும்போது ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒன்று எடுத்து வா. உதிரியாக ஊற்றக் கூடாதுதான், உனக்கு மட்டும் கடையை அடைத்துவிட்டு ஊற்றித் தருகிறேன்.

உன்,
பழைய ரூம்மேட்